வீட்டு நீச்சல் குளம்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை



பள்ளி விடுமுறை நெருங்கியதும் பகாவ் பட்டணத்துக் கடைகளின் முகப்பில் நீலநிறப் பெட்டிகள் அடுக்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டியின் மேல் ஒரு படம். பச்சைப் புல்தரை, வட்டமான பெரிய தொட்டி, கண்ணாடி போன்ற தண்ணீர், அதில் சிரித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள். நம் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் படத்தைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. இன்னொரு பக்கம், தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமானில் வீடு வாங்கிய நம் பிள்ளைகள் சிலர், வீட்டின் பின்புறத்தில் சிமெண்டுக் குளமே கட்டிவிடலாமா என்று யோசிக்கிறார்கள். "டீச்சர், எதை வாங்கலாம், எதை வைத்துக் கட்டலாம்?" என்று என்னிடமே பல பெற்றோர்கள் கேட்டிருக்கிறார்கள். அதற்கு விடை சொல்வதே இன்றைய உரை.

இந்த ஆசையை வீண் ஆடம்பரம் என்று நான் ஒதுக்கமாட்டேன். நம் தாத்தா பாட்டி காலத்தில் பிள்ளைகள் ஆற்றில் குளித்தே நீந்தக் கற்றார்கள். நம் ஜெம்போல் மாவட்டத்தில் ஆற்றுக்குப் பஞ்சமில்லை. ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றோடு சேர்ந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. அதற்கு மிக அருகிலேயே ஓடும் செர்திங் ஆறு பகாங் ஆற்றை நாடித் தென்சீனக் கடலுக்குப் போகிறது. அந்தக் காலத்தில் வணிகர்கள் இந்த இரண்டு ஆறுகளுக்கும் இடையே படகைத் தரையில் இழுத்துச் சென்றார்கள் என்பது சரித்திரம். ஆனால் இன்று அந்த ஆறுகளில் பிள்ளைகளை இறங்கவிட எந்தத் தாய்க்கும் மனம் வராது. 2010-ஆம் ஆண்டில், பக்கத்து மாநிலமான பகாங்கில், மாரான் வட்டாரத்து லூபுக் யூ என்ற நீர்வீழ்ச்சிப் பகுதியில் ஒருவர் மூழ்கினார். அவரைத் தேடித் தண்ணீரில் இறங்கியவர்களைக் காய்ச்சல் பிடித்தது. எலியின் சிறுநீரால் பரவும் நோயும், மண்ணிலும் நீரிலும் வாழும் மற்றொரு கிருமியின் நோயும் சேர்ந்து தாக்க, தேடப் போனவர்களில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். செம்பனைக் காட்டில் எலி எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பிள்ளைகள் வீட்டிலேயே, நம் கண்ணெதிரிலேயே தண்ணீரில் விளையாடட்டும் என்று நினைப்பது நியாயமே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. தொட்டியில் அது நிற்கிறது. நிற்கிற தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பதற்கு ஒரு கருவி வேண்டும். அந்தத் தண்ணீரில் குழந்தை தனியாக இறங்கிவிடாமல் தடுப்பதற்கு ஒரு வேலி வேண்டும். இந்த இரண்டும் பல பெட்டிகளுக்குள் இருப்பதில்லை. ஆகவே கடைக்குப் போகும்போது தொட்டியின் அளவையும் நிறத்தையும் கடைசியாகப் பாருங்கள். வடிகட்டி என்ன, வேலி என்ன என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அந்தச் செலவு போக மிஞ்சும் பணத்துக்கு எந்த அளவுத் தொட்டி கிடைக்குமோ அதை வாங்குங்கள்.

முதலில் இடம். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பத்து அடி விட்டமுள்ள வட்டத் தொட்டி என்றால் ஏறத்தாழ மூன்று மீட்டர். ஆரம் ஒன்றரை மீட்டர். ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கி, அதை 3.14-ஆல் பெருக்கினால் தரைப்பரப்பு ஏழு சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். தண்ணீர் 60 சென்டிமீட்டர் ஆழம், அதாவது இரண்டு அடி நிற்கிறது என்று வையுங்கள். அப்படியானால் தண்ணீரின் கொள்ளளவு 4.24 கன மீட்டர். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் லிட்டர்; எடை ஒரு டன். ஆக, பெட்டிக்குள் மடித்து ஒரு ஆள் தூக்கி வந்த அந்தப் பொருள், தண்ணீர் நிரம்பியதும் நாலேகால் டன் ஆகிவிடுகிறது. பழைய கஞ்சில் கார் ஒன்றின் எடை ஏறத்தாழ 700 கிலோ. ஆறு கஞ்சில் கார்களை உங்கள் வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் என்ன பாரமோ, அந்தப் பாரம்.

இதை மாடி முகப்பிலோ, பலகைத் தரையிலோ, பழைய கக்கூஸ் குழியை மூடிய சிமெண்டுப் பலகையின் மேலோ வைக்கலாமா? வைக்கவே கூடாது. சரிவான மண்தரையிலும் கூடாது. காற்றடைத்த வளையத் தொட்டி சரிவில் நின்றால், தாழ்ந்த பக்கத்துச் சுவர் மடங்கி, டன் கணக்கான தண்ணீர் ஒரே வீச்சில் வெளியேறும். உள்ளே நிற்கும் சிறு பிள்ளையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தரையை மட்டக்கோல் வைத்துப் பாருங்கள். மேட்டை வெட்டித் தாழ்வாக்குங்கள்; பள்ளத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்தாதீர்கள், கொட்டிய மண் பாரத்தில் அமுங்கிவிடும். கல், வேர், செம்பனை ஓலையின் முள் ஆகியவற்றைப் பொறுக்கிவிட்டு, மேலே ஒரு கனத்த படுதாவை விரியுங்கள். தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர்கள் வீடும் நிலமும் கம்பெனியுடையது என்பதை நினைவில் வைத்து, முதலில் நிர்வாகியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. நிரப்புவது குழாய்த் தண்ணீரானால் அந்த நாலாயிரம் லிட்டரும் மீட்டரில் ஏறும். கிணற்றுத் தண்ணீரானால் வேறொரு விஷயம் உண்டு. நம் பக்கத்துச் செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம். பார்க்கத் தெளிவாக இருக்கும் கிணற்று நீர், குளோரின் போட்டதும் துரு நிறமாக மாறிவிடும். அது அழுக்கு என்று பயப்பட வேண்டாம். கரைந்திருந்த இரும்பு வெளிப்படுகிறது. வடிகட்டியை நாலைந்து முறை கழுவினால் தெளியும்.

இனி, எந்தப் பொருளால் ஆன தொட்டி? கடையில் கிடைப்பவை பெரும்பாலும் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் தாளால் ஆனவை. நாம் ரப்பரோடு பிறந்து வளர்ந்தவர்கள். "இதை ஏன் நம் ரப்பரில் செய்யக்கூடாது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. பால்மரத்து ரப்பர் இழுவைக்கு நிகரற்றது. ஆகாய விமானத்தின் சக்கரங்கள்கூட அதைத்தான் நம்பி இறங்குகின்றன. ஆனால் வெயிலும் காற்றும் அதற்குப் பகை. வெயிலில் கிடந்த ரப்பர் வளையம் சில மாதங்களில் வெடித்துப் போவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். குளோரினும் அதை அரிக்கும். ஆகவே எப்போதும் வெயிலும் மருந்தும் படுகிற இடத்துக்குச் செயற்கைப் பொருளே ஏற்றது. பி.வி.சி. தாளிலும் வகை உண்டு. ஒற்றைத் தாளாக மெல்லியதாக இருப்பது கைக்குழந்தைகள் உட்கார்ந்து விளையாடும் சின்னத் தொட்டிக்குச் சரி. பெரிய தொட்டிக்கு, இரண்டு தாள்களுக்கு நடுவே நூல்வலை வைத்து ஒட்டிய தாள் வேண்டும். ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால் அந்த வலை கண்ணுக்குத் தெரியும். கடைக்காரர் திறந்து காட்ட மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

காற்று வளையத்தால் நிற்பவை, இரும்புச் சட்டத்தால் நிற்பவை என்று இரண்டு வகை உண்டு. வளையம் விலை குறைவு. ஒரு சிறு ஓட்டை விழுந்தால் சுவரே சாய்ந்துவிடும். பிள்ளைகள் வளையத்தின் மேல் உட்கார்ந்தாலும் சாயும். அவர்கள் உட்காராமல் இருக்கப் போவதில்லை. சட்டத் தொட்டி கூடுதல் விலை, ஆனால் அதிக நாள் உழைக்கும். சட்டத்தின் குழாய் துத்தநாகம் பூசியதாக, அதன் மேல் வர்ணமும் ஏற்றியதாக இருக்க வேண்டும். வெட்டிய முனையின் உட்புறத்தைப் பாருங்கள். வெளியே பளபளப்பும் உள்ளே வெற்று இரும்புமாக இருந்தால், நம் ஊர் மழைக்கு அது இரண்டு வருஷம் தாங்காது.

சிமெண்டுக் குளம் கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு பழங்கதை சொல்கிறேன். இன்றைய பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில் உள்ள மொகஞ்சதாரோவில், ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் கட்டிய பெருங்குளம் ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது. நீளம் சுமார் 12 மீட்டர், அகலம் 7 மீட்டர், ஆழம் ஏறத்தாழ 2.4 மீட்டர். செங்கல்லை நெருக்கமாக அடுக்கி, ஜிப்சம் சாந்து பூசி, அதற்கும் பின்னால் இயற்கைத் தாரை ஒரு அடுக்காக வைத்திருக்கிறார்கள். சாந்தும் செங்கல்லும் மட்டும் தண்ணீரைப் பிடித்து வைக்காது என்பது அந்தக் கொத்தனார்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய சிமெண்டுக்கும் அதுவே நிலைமை. சிமெண்டுச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். உள்ளே நீர்புகாப் பூச்சு இல்லாமல் வெறும் சிமெண்டைப் பூசி, மேலே அழகான ஓடு ஒட்டித் தருகிறேன் என்று குத்தகைக்காரர் சொன்னால், ஓட்டின் விலையைக் குறைத்துப் பூச்சுக்குச் செலவழிக்கச் சொல்லுங்கள். போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது ஒரு வாரம் ஈரமாக வைத்திருக்கவும் வேண்டும். இதெல்லாம் கட்டுவதற்கு முன் நகராண்மைக் கழகத்தின் அனுமதி பெற்று, பொறியாளரின் வரைபடத்தோடு செய்ய வேண்டிய வேலை.

பொறியாளர் எதற்கு என்றால், மண்ணுக்குள் இருக்கும் குளம் மிதக்கக் கூடியது. நம்ப முடியவில்லையா? ஆறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அரை அடி கனமான கான்கிரீட்டால் ஒரு குளம் கட்டினால், அந்தக் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 17 டன். அந்தப் பள்ளத்தைச் சுற்றி அடைமழையில் நிலத்தடி நீர் விளிம்பு வரை ஏறிவிட்டால், அது குளத்தை மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 34 டன். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அதன் எடை குளத்தை அமுக்கி வைத்திருக்கும். கழுவுவதற்காகத் தண்ணீரை வெளியேற்றிவிட்டீர்களானால், குளம் படகாகிவிடுகிறது. மண்ணின் பிடிப்பு கொஞ்சம் தாங்கும். மீறினால் சுவர் வெடிக்கும், அல்லது குளமே ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். லேசான கண்ணாடியிழைக் குளத்துக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகையால் மழைக்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் குளத்தை முழுதும் காலி செய்யாதீர்கள். தாழ்வான நிலத்தில், ஆற்றோரத்தில் வீடுள்ளவர்கள் தோண்டும் எண்ணத்தையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். வடிகட்டியும் பம்பும். இலங்கையில் அநுராதபுரத்தில், அபயகிரி விகாரையைச் சேர்ந்த இரட்டைக் குளங்கள் இருக்கின்றன. குட்டம் பொகுண என்று பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை. பிக்குகள் குளிப்பதற்காகக் கட்டிய அந்தக் குளங்களில், தண்ணீர் நேராகப் போய் விழுவதில்லை. நிலத்தடிக் கால்வாய் வழியே வந்து, சின்னச் சின்ன அறைகளில் தங்கி, சேறு அடியில் படிந்த பிறகு, தெளிந்த நீர் மட்டும் குளத்துக்குள் இறங்கும். மின்சாரம் இல்லாத காலத்தில் செய்த வடிகட்டி அது. நம் தொட்டியிலும் வேலை அதே. பம்பு தண்ணீரை இழுத்து, வடிகட்டிக்குள் தள்ளி, மறுபடி தொட்டிக்குள் விடுகிறது.

வடிகட்டியில் இரண்டு வகையைக் கடையில் காண்பீர்கள். ஒன்று மடிப்பு மடிப்பான காகிதம் போன்ற உருளை. சின்னத் தொட்டிக்குப் போதும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்துக் குழாயில் பீய்ச்சிக் கழுவ வேண்டும். சில வாரங்களில் மாற்ற வேண்டும். மாற்று உருளை பகாவிலேயே கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். தொட்டியைக் கொண்டுவந்து விற்கிறவர்கள் உருளையைக் கொண்டுவருவதில்லை. அதனால் வெறுமே கிடக்கும் தொட்டிகள் எத்தனையோ. மற்றொன்று மணல் வடிகட்டி. இதற்கென்றே சலித்த, ஒரே பருமனுள்ள மணல் வேண்டும். ஆற்று மணலை அள்ளிப் போட்டால் அடைத்துக்கொள்ளும். அழுக்கு சேர்ந்ததும் தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டால் மணல் தானே கழுவப்பட்டுவிடும். பல வருஷம் உழைக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பெரிய தொட்டி வாங்குகிறவர்கள் மணல் வடிகட்டியையே எடுங்கள்.

மிக நுண்ணிய கலங்கல் எந்த வடிகட்டியிலும் நிற்காமல் நழுவிவிடும். அதைத் திரட்டுவதற்குப் படிகாரம் பயன்படுகிறது. வாளியில் இருக்கும் பாலில் பார்மிக் ஆசிட்டை ஊற்றினால் என்ன நடக்கும் என்று பால்வெட்டுத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒன்றையொன்று விலக்கி மிதந்துகொண்டிருந்த நுண்ணிய ரப்பர்த் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. படிகாரம் கலங்கல் மண்ணுக்குச் செய்வதும் அதே வேலை. திரண்டது இரவில் அடியில் படியும். காலையில் உறிஞ்சி எடுத்துவிடலாம்.

பம்பின் அளவை எப்படித் தெரிந்துகொள்வது? பெட்டியின் மேல் மணிக்கு எத்தனை லிட்டர் என்று அச்சடித்திருக்கும். பல தொட்டிகளோடு இலவசமாக வருகிற சின்னப் பம்பு மணிக்கு 1,250 லிட்டர் தள்ளும். நம் கணக்கில் வந்த 4,240 லிட்டரை 1,250-ஆல் வகுத்தால், ஒரு சுற்று முடிய மூன்றரை மணி நேரம். ஒரு சுற்று முடிந்தால் எல்லாத் தண்ணீரும் சுத்தமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். வடிகட்டி வந்த தண்ணீர் அழுக்குத் தண்ணீரோடு கலந்துவிடுகிறது அல்லவா? ஒரு சுற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் வடிகட்டியைக் கண்டிருக்கும். 98 சதவீதம் காண நாலு சுற்று ஓட வேண்டும். சின்னப் பம்புக்கு அது பதினாலு மணி நேரம். வடிகட்டியில் அழுக்கு ஏற ஏற இன்னும் நேரமாகும். மணிக்கு 2,000 லிட்டர் தள்ளும் பம்பு என்றால் எட்டரை மணியில் முடிந்துவிடும். ஆகவே இலவசப் பம்பைப் பார்த்து மயங்காமல், ஒரு படி பெரியதாக வாங்குவதே சிக்கனம்.

பம்பு மின்சாரத்தில் ஓடுகிறது. ஈரத்தில் நிற்கும் உடம்பில் மின்சாரம் வெகு எளிதாகப் பாயும். உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து, கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் கருவியைப் பொருத்தச் சொல்லுங்கள். ஈரமான இடத்துக்கு 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் வகையே உகந்தது. வீட்டுக்குள்ளிருந்து நீட்டுக் கம்பியை இழுத்துப் புல்லில் போட்டு, இணைப்பை ஒரு பிளாஸ்டிக் பையால் சுற்றி வைப்பது மரணத்துக்கு வைக்கும் பந்தல். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது பம்பு ஓடவே வேண்டாம், சொருகியைப் பிடுங்கிவிடுங்கள்.

வடிகட்டி அழுக்கை எடுக்கும், கிருமியைக் கொல்லாது. அதற்குக் குளோரின். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்று முதல் மூன்று மில்லிகிராம் வரை குளோரின் இருந்தால் போதுமானது. இரண்டு மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், நம் தொட்டிக்கு எட்டரை கிராம் குளோரின். வீட்டில் துணி வெளுக்கும் நீர் வாசனை சேர்க்காததாய், ஐந்து சதவீத வலிமை உள்ளதாய் இருந்தால் சுமார் 170 மில்லி லிட்டர். 65 சதவீத வலிமையுள்ள குளோரின் தூளாக இருந்தால் 13 கிராம். எவ்வளவு சிறிய அளவு என்று பாருங்கள்! கைப்பிடி கைப்பிடியாக அள்ளி வீசுவது பணத்துக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு. மருந்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, மாலை வெயில் தாழ்ந்த பிறகு, பிள்ளைகள் வெளியேறிய பிறகு ஊற்றுங்கள். உச்சி வெயிலில் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் வெயிலே தின்றுவிடும். மறுநாள் பிள்ளைகள் இறங்குமுன் சோதனைத் தாளைத் தோய்த்து அளவைப் பாருங்கள்.

அதே தாள் இன்னொன்றையும் காட்டும். தண்ணீரின் புளிப்பும் காரமும் எந்த அளவு என்பதை பி.எச். என்ற எண்ணால் குறிப்பார்கள். அது 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்க வேண்டும். 7.5-இல் குளோரினில் பாதி தீவிரமாக வேலை செய்யும். 8-க்கு ஏறிவிட்டால் நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. போட்ட மருந்து தண்ணீரில் இருந்தும் கிருமி சாகாது. தாள் விலை சொற்பம். பம்பு வாங்கப் பணம் வைத்திருப்பவர்கள் தாள் வாங்க யோசிப்பது எனக்கு விளங்காத ஒன்று. இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் குளோரின் அதிகமாகிவிட்டது என்று சொல்வார்கள். உண்மை வேறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகும் பொருளே அந்த வாடைக்கும் கண் சிவப்பதற்கும் காரணம். பிள்ளைகளைக் கழிவறைக்கு அனுப்பி, சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டி, பிறகு தொட்டியில் இறக்குங்கள். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை இறக்கவே கூடாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்று, குளோரின் தண்ணீரிலேயே ஒரு வாரத்துக்கும் மேல் உயிரோடு இருக்கக் கூடியது.

மருந்தை வைக்கும் முறையில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி, முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் இப்ரே நகருக்கு அருகே எதிரிகளைக் கொல்லத் திறந்துவிட்ட புகை எது தெரியுமா? குளோரின் வாயு. துணி வெளுக்கும் நீரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஒரே வாளியில் ஊற்றினால் அதே வாயு உங்கள் குளியலறையில் கிளம்பும். ரப்பர் ஆசிட்டும் அப்படித்தான். கடையில் "குளோரின்" என்ற ஒரே பெயரில் தூளும் விற்கிறார்கள், வில்லையும் விற்கிறார்கள். தூள் பெரும்பாலும் ஒரு சரக்கு, வில்லை வேறொரு சரக்கு. இரண்டையும் ஒரே டப்பாவில் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை எடுத்த கரண்டியால் மற்றதை எடுக்காதீர்கள். மருந்தைத் தண்ணீரில் போடுங்கள். மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதன் சொந்த டப்பாவிலேயே, மூடி இறுக்கி, காய்ந்த உயரமான இடத்தில் வையுங்கள். புல் மருந்து வந்த பழைய தோங்கில் குளிக்கிற தண்ணீரையோ மருந்தையோ ஊற்றி வைக்கும் பழக்கம் நம் லயங்களில் வெகு காலம் இருந்தது. பாராகுவாட் மருந்துக்கு 2020-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நம் நாட்டில் தடை வந்துவிட்டது. பழைய தோங்குகள் இன்னும் சில வீடுகளின் பின்புறம் கிடக்கின்றன. அவற்றைத் தொட்டியின் பக்கமே கொண்டு வராதீர்கள்.

இனி வேலி. 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் நாலில் ஒரு பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவதுபோல் கையைத் தட்டிக் கூச்சலிடாது. மூச்சுக்கே வழியில்லாதபோது கூச்சலுக்கு ஏது வழி? ஓசையில்லாமல், ஓரிரு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஒரு சாண் தண்ணீர் போதும். அடுப்பில் குழம்பைக் கிளறிவிட்டு வருகிறேன் என்று போகும் நேரம் போதும்.

நிலையாக நிற்கும் தொட்டிக்கோ குளத்துக்கோ நாலு பக்கமும் வேலி வேண்டும். வீட்டுச் சுவரையே ஒரு பக்கமாகக் கணக்கில் சேர்த்தால், அந்தப் பக்கத்துக் கதவு வழியே குழந்தை நேராகத் தண்ணீருக்குப் போய்விடும். உயரம் குறைந்தது நாலு அடி. கம்பிகள் நிமிர்ந்தவையாக, இடைவெளி நாலு அங்குலத்துக்குக் குறைவாக இருக்கட்டும். கோழிக்கூட்டுக்குப் போடும் வலைக்கம்பி வேண்டாம். பிள்ளைகளுக்கு அது ஏணி. கதவு வெளிப்பக்கம் திறந்து, விட்டதும் தானே மூடிக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாள் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். வேலியோரம் நாற்காலி, பூந்தொட்டி எதையும் போடாதீர்கள். சட்டத் தொட்டியின் ஏணியைக் குளித்து முடித்ததும் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். பொம்மைகளையும் எடுத்துவிடுங்கள், மிதக்கும் வாத்தை எடுக்கத்தான் சின்னக் குழந்தை குனிகிறது. கையில் மாட்டும் காற்றுப் பட்டைகள் விளையாட்டுச் சாமான்களே. அவற்றை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகக் கூடாது. வேலி இருந்தாலும் பெரியவர் ஒருவர், கை எட்டும் தூரத்தில், கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு உட்கார வேண்டும். யார் என்று பேர் சொல்லி முடிவு செய்யுங்கள். எல்லாரும் இருக்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கும் விருந்து நாளில்தான் விபத்து நடக்கிறது.

சிமெண்டுக் குளம் கட்டுகிறவர்கள் அடியில் உள்ள உறிஞ்சு துவாரத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி, வெந்நீர்த் தொட்டியின் உறிஞ்சு துவாரத்தில் அகப்பட்டு, இழுத்தெடுக்க முடியாமல் இறந்தாள். முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி அவள். அவளுடைய தாயார் விடாமல் போராடியதன் பலனாக, 2007-இல் அவள் பெயராலேயே ஒரு சட்டம் பிறந்தது. உடம்போ தலைமுடியோ ஒட்டிக்கொள்ளாத குவிந்த மூடி அங்கே பொதுக் குளங்களில் கட்டாயம். நம் வீட்டுக் குளத்திலும் ஒரே துவாரத்துக்குப் பதில் தள்ளித் தள்ளி இரண்டு துவாரங்கள் வைத்து, அந்த வகை மூடி போடச் சொல்லுங்கள். மூடி உடைந்தால் அன்றைக்கே பம்பை நிறுத்துங்கள்.

வடிகட்டிக்கும் வேலிக்கும் வசதியில்லை என்றால் என்ன செய்வது? நாலைந்து அடி அகலமுள்ள சின்னத் தொட்டியாக வாங்குங்கள். முழங்காலுக்குக் கீழ் தண்ணீர் விட்டு, பிள்ளைகள் விளையாடி எழுந்ததும் அன்றைக்கே கொட்டிவிடுங்கள். பம்பும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். தண்ணீரை வீணாக்க மனமில்லாதவர்கள் கத்தரிச் செடிக்கும் வாழைக்கும் விடலாம். குளோரின் போட்ட பெரிய தொட்டியின் தண்ணீரானால், மருந்து போடுவதை நிறுத்தி, சில நாள் வெயிலில் விட்டு, தாளில் குளோரின் இல்லை என்று தெரிந்த பிறகு செடிக்கு விடுங்கள். மீன் உள்ள குட்டையிலோ வாய்க்காலிலோ திறந்துவிடாதீர்கள்.

நாளைக்கும் விளையாடுவார்களே என்று சின்னத் தொட்டியில் தண்ணீரை அப்படியே விட்டுவைப்பவர்கள் டிங்கிக் கொசுவுக்குத் தொட்டில் கட்டுகிறார்கள். ஏடிஸ் கொசு தெளிந்த தண்ணீரைத் தேடி முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறக்கும். வீட்டு வளாகத்தில் கொசுப்புழு கண்டால் அபராதம் விதிக்க 1975-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; காய்ச்சல் வந்து மருத்துவமனையில் படுப்பதோடு ஒப்பிட்டால் அபராதம் பெரிதல்ல. குளோரின் சரியாக இருந்து பம்பு தினமும் ஓடும் தொட்டியில் புழு பிழைக்காது. ஆனால் மூடியின் மேல் குழிவிழுந்து தேங்கும் மழைநீரில் பிழைக்கும். மூடியை இழுத்துக் கட்டி, நடுவில் உயர்த்தி, மழை விட்டதும் தண்ணீரைத் தள்ளிவிடுங்கள். அந்த மூடியே இரவில் எலியையும் தடுக்கும். குழந்தையின் பாரத்தை மட்டும் அது தாங்காது; மூடி போட்டிருக்கிறது என்பதற்காக வேலிக் கதவைத் திறந்து வைக்காதீர்கள்.

விடுமுறை முடிந்து தொட்டியை மடிக்கும் நாளில், நல்ல தண்ணீரால் கழுவி, இரண்டு பக்கமும் நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடித்து, அடுத்த விடுமுறையில் விரிக்கும்போது கரும்புள்ளிகளாக இருக்கும். மடிப்பில் முகப்பவுடர் கொஞ்சம் தூவினால் தாள் ஒன்றோடொன்று ஒட்டாது. பம்பிலும் குழாயிலும் நிற்கும் தண்ணீரைக் கவிழ்த்து வடித்துவிடுங்கள். எல்லாவற்றையும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, பரணில் ஏற்றுங்கள். அட்டைப் பெட்டியில் வைத்தால் எலி கடித்துவிடும். மிச்சமுள்ள மருந்தை அந்தப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், அது தனியாகப் பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.